வண்டியா, ஆளா?

தம்பிகளா, போன மாதம் எனக்கு ஒரு பாராட்டு விழா வைத்தீர்கள். பட்டறைச் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனைக் கூப்பிட்டு, மாலை போட்டு, ஒரு கேடயமும் கொடுத்தீர்கள். என் பெயருக்குக் கீழே அதில் ஒரு வாசகம் இருந்தது: 'ஏறுறது பெருசில்ல, இறங்கணும்.' போடியில் மலைக்கு வண்டி மாற்றிக் கட்டுகிற ஒவ்வொருவனும் மனதில் வைத்திருக்க வேண்டிய வார்த்தை, அண்ணன் சொன்ன வார்த்தை என்று மைக்கில் வேறு சொன்னீர்கள். கைதட்டினீர்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த வார்த்தை என்னுடையது இல்லை. அதைச் சொன்ன ஆளை நான் என்ன செய்தேன் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. மேடையிலேயே சொல்லியிருக்கலாம். கழுத்தில் மாலை கிடக்கும்போது எனக்கு வாய் வரவில்லை. அதுவும் எனக்குப் புதிதில்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

நம் ஊரில் வண்டி வாங்குகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. பழைய எஸ்.யூ.வி. ஒன்றை எங்கிருந்தாவது ஓட்டிக்கொண்டு வருவார்கள். பட்டறை வாசலில் நிறுத்தி, டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, 'ஏறுமா?' என்பார்கள். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறவருக்கு அதுதான் கவலை. மழைக்காலத்தில் தோட்டத்து மண் ரோடு வழுக்கினால் உரம் மேலே போகாது, ஆள் போக முடியாது. ஆகவே ஏற வேண்டும். நாமும் 'ஏறும்' என்போம். அந்த ஒரு வார்த்தையை எவ்வளவு அழுத்திச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பட்டறைக்குப் பேர். தண்ணீருக்குள் போகிற வண்டிக்கு வைக்கிற மூச்சுக்குழாயை ஒருவர் ஆசைப்பட்டு என்னிடம் வைத்துக்கொண்டு போனார். அவர் வண்டி பார்த்த பெரிய வெள்ளம் அவர் தெரு முக்கில் குழாய் உடைந்து தேங்கிய தண்ணீர்தான். அவரும்கூட என்னிடம் 'ஏறுமா' என்றுதான் கேட்டார்.

இறங்குமா என்று கேட்டவர் யாரும் இல்லை. ஏறினது தானாக இறங்கும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எனக்கும்தான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு தோட்ட முதலாளி இப்படி ஒரு வண்டி கொண்டுவந்தார். டீசல், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதற்கு முன் வைத்திருந்தவர் தார் ரோட்டை விட்டு அதைக் கீழே இறக்கியதே இல்லை. மண் பார்க்காத வண்டியை மலை வண்டியாக்க வேண்டும், பின்னால் ஒரு டிரெய்லரும் கட்டி இழுக்க வேண்டும் என்றார். உர மூட்டையோ தண்ணீர்த் தொட்டியோ, ஜீப்பில் ஏற்ற முடியாததை எல்லாம் அதில் ஏற்றலாம் என்பது அவர் கணக்கு. அந்த மாதிரி வேலை அப்போது நம் பக்கம் புதிது. இன்னும் நாலைந்து தோட்டக்காரர்கள் தங்கள் வண்டியை அனுப்பலாமா வேண்டாமா என்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் தலை கொஞ்சம் கனத்திருந்தது.

என்னென்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் இப்போது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வண்டியைத் தூக்கினேன், பெரிய டயர் போட்டேன், முன்னால் இரும்பு பம்பர், பின்னால் இழுவைக் கொக்கி. தொடாமல் விட்டது பிரேக்கை. நல்லாத்தானே பிடிக்கிறது என்று விட்டேன். தயாரானதும் மலைக்குக் கொண்டுபோய், ஜீப்புகள் திணறுகிற ஒரு சேற்று ஏற்றத்தில் டிரெய்லரோடு ஏற்றிக் காட்டினேன். செல்போனில் படம் எடுத்தார்கள். முதலாளி என் தோளில் தட்டினார். இறங்கும்போது டிரெய்லரைக் கழற்றி மேலேயே விட்டுவிட்டு வந்தோம். அதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த வண்டிக்கு டிரைவர் ராசு. போடிக்குப் பக்கத்தில் சிலமலை என்ற ஊர்க்காரன். அதற்கு முன்பு பல வருடம் ஜீப்பில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறி இறங்கியவன். விடியற்காலையில் போடி ஜீப் ஸ்டாண்டில் பெண்கள் தூக்குவாளியோடு வந்து நிற்கும்போது, ராசு வண்டி எது என்று தேடி ஏறுவார்கள். அவன் சம்சாரமும் காய் பறிக்க அவன் ஜீப்பில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நல்ல கையைப் பார்த்துத்தான் முதலாளி அவனைத் தன் வண்டிக்கு எடுத்தார்.

வண்டி கொடுத்துக் கொஞ்ச நாளில் ராசு பட்டறைக்கு வந்தான். டயர் பெரிதானதிலிருந்து பிரேக் கொஞ்சம் பிந்திப் பிடிப்பதுபோல இருக்கிறது, ஒரு தரம் பாருங்கள் என்றான். நான் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். புது டயர் அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டப் பழகிவிடும் என்று படுத்த வாக்கிலேயே சொன்னேன். அவன் காலை மட்டும்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது.

மழைக்காலம் முழுக்க வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஓடாமல் என்ன? போகும்போது பாரம், வரும்போது வெறும் டிரெய்லர். பாரத்தோடு ஒரு தரம்கூட அது கீழே வரவில்லை. அப்படி வர வேண்டிய நாளும் வந்தது. தோட்டத்தில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் ஜெனரேட்டர் பழுதாகிவிட்டது. பெரிய ஜெனரேட்டர், பார்க்கவே ஒரு எருமை படுத்துக்கிடக்கிற மாதிரி இருக்கும். அதை டிரெய்லரில் ஏற்றிக் கட்டி, ரிப்பேருக்குப் போடிக்குக் கொண்டுவரச் சொன்னார் முதலாளி.

தோட்டத்து ரோட்டை விட்டு மேட்டுக்கு வந்து சேர்வதற்குள் ராசுவுக்குப் புரிந்துவிட்டது. போடிமெட்டில் செக்போஸ்ட் தாண்டி, டீக்கடைக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம்கட்டி, சக்கரங்களுக்குக் கல் வைத்தான். முதலாளிக்குப் போன் செய்து, இதற்கு மேல் இறக்க மாட்டேன், டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு வேறு லோடு வண்டி பிடித்து ஜெனரேட்டரை இறக்கலாம் என்று சொன்னான். இத்தனைக்கும் அவன் கேட்டது அவ்வளவுதான்.

முதலாளி நேராக என் பட்டறைக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து, வண்டி அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த தோட்டக்காரர்களில் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நான் அந்த வண்டியைப் பற்றித்தான் அளந்துகொண்டிருந்தேன். முதலாளி உட்காரக்கூட இல்லை.

"டிரைவரு மேட்டுல கல்லு போட்டு நிப்பாட்டிட்டான். எறக்க மாட்டேங்குறான். நீயே சொல்லு மெக்கானிக்கு. வண்டியா, ஆளா?"

தம்பிகளா, இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. இது ரிப்பேர் கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அது இல்லை. ஒருவன் பிழைப்பை உங்கள் கையில் கொடுத்து, வைத்துக்கொள்ளவா தூக்கிப் போடவா என்று கேட்கிற கேள்வி. இன்னொன்றும் உண்டு. வண்டி என்று சொன்னால் உங்கள் வேலையில் குற்றம். ஆள் என்று சொன்னால் நீங்கள் தப்பித்தீர்கள். தன் வழக்குக்குத் தானே தீர்ப்பு சொல்கிற இடத்தில் நம்மை உட்கார வைத்துவிட்டு, அதை மரியாதை என்று வேறு நம்ப வைக்கிறார்கள். நான் நம்பினேன்.

"வண்டியில ஒன்னும் இல்ல மொதலாளி. ஆளுக்குத்தான் பயம்" என்றேன்.

யோசிக்க எனக்கு ஒரு மடக்கு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிரேக் பிந்திப் பிடிக்கிறது என்று அவன் வந்து சொன்னது ஞாபகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. வந்ததால்தான் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னேன். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

முதலாளியின் காரில் நாங்கள் எல்லோரும் மேலே போனோம். மேட்டில் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. தோட்ட வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்புகள் சில, வேடிக்கை பார்க்க நின்றிருந்தன. ராசு வண்டிக்குப் பக்கத்தில் தோளில் துண்டோடு நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. தொழில் தெரிந்தவன் வந்துவிட்டான், இவனுக்குச் சொன்னால் புரியும் என்று நினைத்திருப்பான். நேராக என்னிடம்தான் வந்தான். முதலாளியிடம் போகவில்லை.

"ஏறுறது பெருசில்லண்ணே. எறங்கணும்ல. பின்னாடி இருந்து தள்ளுது. மிதிச்சா வண்டி நிக்குது, டிரெய்லரு நிக்க மாட்டேங்குது. நீங்க ஒரு எட்டு எங்கூட ஒக்காந்து வந்து பாருங்க."

கூட உட்கார்ந்து வா என்றான். அதற்கு மேல் ஒரு டிரைவர் ஒரு மெக்கானிக்கிடம் என்ன கேட்க முடியும்? நான் அவனை விட்டுத் திரும்பினேன். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "ஏறுனது எறங்காம அங்கேயே குடித்தனம் பண்ணவா போகுது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜீப்பில் இருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். நான் அந்தக் கல்லை எல்லாம் காலால் தள்ளிவிட்டு, சாவியை அவன் கையிலிருந்து வாங்கி ஏறி உட்கார்ந்தேன். அவன் மறுபக்கக் கதவைத் திறக்கப் போனான். வேண்டாம், நீ ஜீப்பில் வா என்றேன். ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முதலாளியும் மற்ற இருவரும் முன்னாலேயே இறங்கி, மலையடிவாரத்தில் முந்தலில் காத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்கள்.

முதல் வளைவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் சொன்னது அப்படியே இருந்தது. ஒரு எழுத்துக்கூட அவன் கூட்டிச் சொல்லவில்லை. நான் வண்டியைத் தூக்கியபோது கொக்கியும் கூடவே உயர்ந்துபோய், டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. பிரேக்கைத் தொட்டால் ஜெனரேட்டரின் பாரம் முழுக்க வந்து வண்டியின் பின்பக்கத்தை முட்டித் தூக்கியது. பெரிய டயர் போட்டதில் முதல் கியர்கூட வண்டியைப் பிடித்து வைக்கவில்லை. மிதித்துக்கொண்டே வந்தேன். மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடேறிப் பிடி தளர்ந்துகொண்டே போனது.

திரும்பி மேலே போக வழியில்லை. நிறுத்தி, ராசு வைத்த மாதிரி கல் வைத்திருக்கலாம். முதல் இரண்டு வளைவுக்குள் அதைச் செய்திருக்கலாம், அப்போது இன்னும் பிடித்தது. ஏன் செய்யவில்லை தெரியுமா? பின்னால் ஜீப்புகள் வரும், பார்த்துவிடுவார்கள். இவ்வளவுதான் காரணம். பாதாளத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, நான்கு பேர் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி ஒரு மடையன் கையில் வண்டியை விட்டது முதலாளி செய்த தப்பு.

பாதிக்கு மேல் இறங்கிய இடத்தில் பிரேக் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கைப்பிரேக்கை இழுத்தேன், கருகல் வாசனைதான் வந்தது. அந்த இடத்தில் மலை என் இடதுபுறம் இருந்தது. அடுத்த வளைவு திரும்பினால் மலை அந்தப் பக்கம் போய்விடும், இடதுபுறம் பள்ளம். இடது சக்கரங்களை மலையோரத்து ஓடைக்குள் இறக்கி, வண்டியின் பக்கவாட்டைப் பாறையில் உரசவிட்டேன். தகரம் கிழிகிற சத்தத்தோடு கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. எதிரே அந்த நேரத்தில் ஒரு வண்டியும் வரவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை, அது வராமல் இருந்தது அவ்வளவுதான்.

இறங்கி நின்றேன். சக்கரங்களிலிருந்து புகை வந்தது. என் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் முகமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போனது. அழுதுவிடுவேன்போல இருந்தது.

அப்போது மேலேயிருந்து ஒரு ஜீப் வந்தது. உள்ளே பெண்கள். பின்படியில் தொற்றிக்கொண்டு ராசு. ஜீப் என் பக்கத்தில் மெதுவானது. டிரைவர் தலையை நீட்டி, என்ன அண்ணே, எதுவும் பிரச்சினையா என்று கேட்டான்.

நான் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

ஒன்றுக்குப் போக நிறுத்தியிருக்கிறேனாம். பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டிரைவர் சிரித்தபடி வண்டியை எடுத்தான். ராசு சிரிக்கவில்லை. முகத்தையும் திருப்பவில்லை. ஜீப் வளைவில் மறைகிற வரை படியில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டு போனான். நான் விரலை இறக்க மறந்து நின்றிருந்தேன்.

சக்கரம் ஆறுகிற வரை காத்திருந்தேன். பிறகு கொஞ்சம் இறக்குவது, ஓடையோரம் நிறுத்தி ஆறவிடுவது, மறுபடியும் கொஞ்சம் இறக்குவது. அப்படியே ஊர்ந்து முந்தலுக்கு வந்து சேர்ந்தேன். பக்கவாட்டுக் கீறலைக் கேட்டால், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கினேன் என்று சொல்ல வழியிலேயே தயார் செய்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

டீக்கடை வாசலில் கூட்டம். முதலாளி, அந்த இரண்டு தோட்டக்காரர்கள், ஜீப் டிரைவர்கள். கொண்டாந்துட்டாருல்ல என்று யாரோ சொன்னார்கள். வந்து சேர்ந்ததையும் படம் எடுத்தார்கள். மேட்டில் புறப்பட்டதையும் முந்தலில் வந்து நின்றதையும் ஒட்டவைத்து அன்று இரவே போன்களில் சுற்றவிட்டார்கள். நடுவில் நடந்தது எதுவும் அதில் இல்லை.

ராசு ஓரமாக நின்றிருந்தான். முதலாளி அவனைப் பார்த்து, ஒரே வண்டி, ஒரே ரோடு, பார்த்தாயா என்று கேட்டார். ராசு அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒருவர் பேசுவதற்கு இடம் விட்டு நிற்கிற மாதிரி நின்றான்.

என் கையில் டீ இருந்தது. சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. 'வண்டிதான் மொதலாளி.' சொல்லியிருந்தால் அந்த இரண்டு பேர் தங்கள் வண்டியை வேறு பட்டறைக்கு அனுப்பியிருப்பார்கள், ஒரு வாரம் ஊரில் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான் போயிருக்கும். நான் பெரிய மனுசன் மாதிரி ஒன்று சொன்னேன்.

"பழகாத கை மொதலாளி. பழகுனா சரியாப்போயிரும். விடுங்க."

இதைவிட அசிங்கமான ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் பேசியதில்லை. அவன் பழகாத கையாம். தினமும் அந்த மலையில் ஒரு ஜீப் நிறையப் பெண்களை இறக்கிக் கொண்டுவந்து வீடு சேர்த்தவன் பழகாத கை. அவனுக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி பேசி, அவன் தொழிலையே எடுத்துவிட்டேன். முதலாளி அவனை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனான்.

அதோடு நிற்கவில்லை. ஸ்டாண்டில் அவனுக்குக் 'கல்லுப்போட்டான்' என்று பேர் வைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த எந்த ஜீப் முதலாளியும் அவனை மலைக்கு எடுக்கவில்லை. பயப்படுகிறவன் வண்டியில் ஆள் ஏறாது என்றார்கள். மலை இல்லையென்றால் போடி டிரைவருக்கு வேறு என்ன இருக்கிறது? ராசிங்காபுரம் பக்கம் டிராக்டர் ஓட்டப் போனான் என்று கேள்விப்பட்டேன். அவன் சம்சாரம் தொடர்ந்து காய் பறிக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜீப்பில் அந்தப் பேரைச் சொல்லிச் சிரிக்கும்போது அதுவும் உள்ளே உட்கார்ந்துதான் இருக்கும்.

நான் என்ன செய்தேன்? சர்வீஸ் என்று சொல்லி அந்த வண்டியை மறுநாளே உள்ளே இழுத்துப் போட்டேன். கொக்கியைத் தாழ்த்தினேன், பிரேக்கை மாற்றினேன், டிரெய்லருக்கும் தனியாகப் பிரேக் வைத்தேன். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தோட்டக்காரர்கள் வண்டி அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் இதையே செய்தேன். 'ஏறுமா' என்று கேட்டவர்களிடம் எல்லாம், 'ஏறுறது பெருசில்ல, இறங்கணும்' என்று சொல்ல ஆரம்பித்தேன். முதல் தரம் சொன்னபோது நாக்கு கொஞ்சம் தடுக்கியது. பிறகு பழகிவிட்டது. நீங்கள் என்னிடம் வேலைக்கு வந்த காலத்தில் அது என் வார்த்தையாகவே ஆகியிருந்தது. ஒருத்தனின் பிழைப்பையும் எடுத்து, அவன் வார்த்தையையும் எடுத்து, அதை வைத்தே பேரும் வாங்கினேன். நீங்கள் அதைக் கேடயத்தில் பொறித்துக் கொடுத்தீர்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது பிரேக்கைப் பற்றி அல்ல. அதை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். வண்டியா ஆளா என்று உங்களைக் கேட்டால் வாயைத் திறக்காதீர்கள். எந்த லோடோடு, எந்த ரோட்டில் அவனுக்குச் சந்தேகம் வந்ததோ, அதே லோடோடு, அதே ரோட்டில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். நீங்கள் ஓட்டிக் காட்டாதீர்கள். ஓட்டிக் காட்டுகிறவன் தன்னைக் காட்டிக்கொள்ளத்தான் ஓட்டுகிறான், நான் அதற்குச் சாட்சி. வண்டி பத்திரமாக வந்து சேர்ந்தால் வண்டி சரி என்று அர்த்தம் இல்லை. கூட்டத்தின் முன்னால் ஒருவனைத் தப்பு என்று சொல்லிவிட்டால், அதே கூட்டத்தின் முன்னால்தான் அதைத் திரும்ப எடுக்க முடியும். கூட்டம் கலைந்த பிறகு எடுத்துப் பயன் இல்லை. இதை நான் தெரிந்துகொண்டது போன வாரம்தான்.

கேடயத்தைப் பீரோவுக்கு மேல் வைத்த நாளிலிருந்து தூக்கம் வராமல், போன வாரம் சிலமலைக்குப் பஸ் ஏறினேன். ராசு வீட்டு வாசலில் டிராக்டரை நிறுத்திவிட்டு டயரில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. வாங்கண்ணே என்றான். உட்கார நாற்காலி எடுத்துப் போட்டான். சம்சாரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடை, பாறை, சுண்டுவிரல், முந்தலில் பேசிய பேச்சு. முதலாளியிடம் போய்ச் சொல்கிறேன், ஸ்டாண்டில் வந்து சொல்கிறேன், எங்கே சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன் என்றேன். அவன் சேற்றை வழிக்கிறதை நிறுத்தவில்லை.

"தெரியும்ணே. வீலுல பொகை வந்துச்சு. ஒன்னுக்கு இருக்க எறங்குனவரு காலுல செருப்பு இல்ல."

எனக்கே அது தெரியாது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தபோது உள்ளேயே கழன்று கிடந்திருக்க வேண்டும். தெரிந்தும் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா யாருண்ணே கேப்பா? வண்டிதான் வந்து நிக்குதே. நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

எத்தனை வருடமாக இவன் காத்துக்கொண்டிருந்திருப்பான் என்று நினைத்தேன். வந்துவிட்டேன் ராசு, லேட்டாத்தான் வந்திருக்கேன், ஆனா வந்துட்டேன் என்றேன். எதுவரைக்கும் என்னை எதிர்பார்த்தாய் என்று ஏனோ கேட்டும்விட்டேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"மறுநாக் காலையில ஜீப்பெல்லாம் கெளம்புற வரைக்கும் ஸ்டாண்டுல நின்னேண்ணே. அப்பறம் வீட்டுக்கு வந்துட்டேன்."

ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுப் பட்டறை திறப்பதுதான் என் வழக்கம். அன்று காலை மட்டும் நான் பின்தெரு வழியாகப் போனேன்.